நத்தார்க் கணக்கு 2022: மன்னார்க் கரையில் ஒரு வீட்டின் வரவும் செலவும்

2022இல் நத்தார் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நவம்பர் 27இல் தொடங்கிய திருவருகைக் காலம் டிசெம்பர் 24 வரை முழுதாக 28 நாட்கள். நத்தார் ஞாயிறில் விழுகிற ஆண்டில்தான் இந்தக் காலம் இவ்வளவு நீளும். திங்களில் விழுந்தால் 22 நாட்களோடு முடிந்துவிடும். கரையோரக் கத்தோலிக்கர் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. ஆகவே அந்த வருடம் பெருநாளுக்கென்று தனியாக ஒரு நாள் உழைப்பை விட வேண்டியிருக்கவில்லை. வரவுப் பக்கத்தில் எழுதத் துணிந்த முதல் வரி அதுதான்.

செலவுப் பக்கம் பெரியது. இலங்கை 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு 200 ரூபாயளவில் நின்ற நாணயம் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். டிசெம்பருக்குள் அது 57.2 ஆகவும் உணவுக்கு 64.4 ஆகவும் இறங்கியது என்று செய்தி வந்தது. இறங்கியது விலையல்ல, விலை ஏறுகிற வேகம். 2021 நத்தாருக்கு 1,000 ரூபாயோடு கடைக்குப் போனவர் வாங்கிய அதே உணவுச் சாமான்களுக்கு 2022இல் 1,644 ரூபாய் வேண்டும். பழைய 1,000 ரூபாய்த் தாளோடு போனால் 608 ரூபாய்ச் சாமான்தான் பையில் விழும். இது கொழும்புக் கணக்கு. மன்னாருக்குச் சாமான் லொறியில் வர வேண்டும். லொறிக்கு டீசல் வேண்டும்.

இந்தக் கட்டுரைக்கு மன்னாரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டில் மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை 99,570. அதில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். நாடு முழுவதையும் எடுத்தால் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேரும் இல்லை. பேசாலை, வங்காலை, தலைமன்னார் போன்ற ஊர்களில் நத்தார் ஊர்ப் பெருநாள். அந்தக் கரையில் ஒரு சிறு படகு வைத்திருக்கிற குடும்பத்தை மனதில் வைத்தே கணக்குப் போடுகிறேன்: தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள், அம்மம்மா. ஆறு பேர்.

அந்த வீட்டின் வரவைத் தீர்மானித்தது மீனின் விலையை விட மண்ணெண்ணெயின் விலை. கரையோரச் சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய், 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவில் 340 ரூபாயானது. ஒரே இரவில் 253 ரூபாய். நவம்பரில் 365 ரூபாயாக ஏறியது. நத்தார் வரைக்கும் இறங்கவில்லை. ஒரு தடவை கடலுக்குப் போய் வர 20 லீற்றர் என்று வைத்தால், முன்பு 1,740 ரூபாய். பிறகு 7,300 ரூபாய். வலை எதுவும் ஏந்தி வருவதற்கு முன்னமே 5,560 ரூபாய் கூடுதலாகக் கடலில் போட்டாயிற்று. அந்த விலைக்காவது கிடைத்ததே என்று சொன்னவர்களையும் நான் அறிவேன். அதற்கு முந்திய மாதங்களில் காசு இருந்தும் எண்ணெய் இருக்கவில்லை. படகுகள் கரையில் ஏறிக் கிடந்தன. அந்த ஜூன் மாதத்தில் இந்திய அரசு நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு மீனவர் 700 பேருக்கு 15,000 லீற்றர் மண்ணெண்ணெய் கொடுத்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 21 லீற்றர் சொச்சம். ஒரு நாள் தொழிலுக்கான எண்ணெய். அதை வாங்க வரிசையில் நின்றவர்களின் முகத்தை நினைத்தால், ஒரு நாள் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று விளங்கும்.

டிசெம்பர் எப்போதும் மெலிந்த மாதம். வடகீழ்ப் பருவக்காற்று கடலைக் கலக்கும். அந்த வருடம் இரண்டாம் வாரத்தில் மாண்டஸ் புயல் கடந்து போனது. அதன் குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு ஆடுகள் செத்துப் போயின. கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்தல் வந்த நாட்களை ஒரு பக்கம் வைத்தாலும், இந்திய இழுவைப் படகுகள் வந்து மடியிழுக்கிற இரவுகள் இன்னொரு பக்கம். ஆக, பெருநாளுக்கு முந்திய நாட்களில் கையில் காசு புரளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இனிக் கேக். நத்தார்க் கேக் அடிக்காத வீடு பெருநாள் கொண்டாடாத வீடு என்கிற எண்ணம் எங்கள் ஊர்களில் ஊறிப் போயிருக்கிறது. இலங்கையின் பழைய நத்தார்க் கேக் ஒன்றுக்குக் கால் கிலோ ரவை, அதே அளவு பட்டர், அரைக் கிலோ சீனி, முந்திரிப்பருப்பு, முந்திரிகை வற்றல், நீற்றுப்பூசணித் தோசி, இஞ்சித் தோசி, பன்னீர், தேன், அதோடு குறைந்தது ஒரு டசின் முட்டை. தாராளமாகச் செய்பவர்கள் 25 மஞ்சட்கரு வரை போடுவார்கள். முட்டைக்கு அரசாங்கம் ஓகஸ்டில் உச்சவிலை வைத்தது: வெள்ளை 43 ரூபாய், சிவப்பு 45 ரூபாய். அந்த விலைக்கு முட்டை கடையில் இருக்கவில்லை. டிசெம்பரில் ஒரு முட்டை 60 ரூபாயைத் தொட்டிருந்தது. ஒரு டசின் 720 ரூபாய்; 25 முட்டை 1,500 ரூபாய். பட்டரும் பருப்பும் வற்றலும் அதற்கு மேல். வாட்டுவதற்கு எரிவாயு வேண்டும். 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாய்; 2022 ஜூலையில் 4,910; டிசெம்பரில் 4,610. கிலோக் கணக்கில் 119 ரூபாய் 369 ஆகியிருந்தது. மெல்லிய சூட்டில் நேரமெடுத்து வாட்ட அரைக் கிலோ போகும் என்றால் எரிவாயுவுக்கே 184 ரூபாய்.

இத்தனைக்கும் மேல், அந்த ஓகஸ்டில் சொக்கிலேட், வாசனைத் திரவியம், சாம்பு முதலான 300க்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் தற்காலிகமாகத் தடை செய்திருந்தது. கடை அலுமாரிகளில் நத்தார்ச் சாமான் வழக்கமாக நிறைகிற தட்டுகள் வெறுமையாய் இருந்தன. பிள்ளைகளுக்கு அது கவலைதான். அந்தக் கவலையைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேக்கை விட்டுவிடலாம் என்பதே என் முடிவு. விட்ட இடத்தில் அரியதரம் வரட்டும். ஒரு கிலோ அரிசியை ஊறவைத்து இடித்து, சீனிப்பாகில் குழைத்து, சிறிதாகத் தட்டித் தேங்காய் எண்ணெயில் சுட்டெடுத்தால் 40 வரை வரும். முட்டையும் பட்டரும் வேண்டாம், எரிவாயுவும் வேண்டாம். முற்றத்தில் மூன்று கல் வைத்து, பனைமட்டையும் பன்னாடையும் எரித்தால் போதும். மன்னார்த் தீவில் பனைக்குக் குறைவில்லை. பயற்றம் பணியாரமும் சுட ஆசைதான். ஆனால் அந்த வருடம் பயறு கை வைக்கும் விலையில் இருக்கவில்லை. அரிசிக்கு மே மாதத்தில் அரசு வைத்த உச்சவிலை நாட்டரிசி 220 ரூபாய், சம்பா 230, கீரிச்சம்பா 260. முதலாவதையே கணக்கில் எடுக்கிறேன்.

நாற்பது அரியதரத்தை எப்படிப் பங்கிடுவது? தட்டுக்கு ஐந்து என்று ஆறு வீட்டுக்கு 30. வீட்டில் 10. அந்த ஆறு வீட்டில் சைவ வீடும் முஸ்லிம் வீடும் இருக்கும். பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அங்கிருந்து தட்டு வந்ததல்லவா. வெறுந்தட்டைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஒரு பிடி சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்தே தட்டுத் திரும்பி வரும். இந்தக் கொடுக்கல் வாங்கல் எந்தச் சுட்டெண்ணிலும் ஏறாது. ஆனால் அந்த வருடத்தைப் பல வீடுகள் கடந்தது இப்படித்தான்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆறு பேருக்கும் புதுச்சட்டை என்கிற எண்ணத்தைக் கைவிட்டு, கடைக்குட்டிக்கு மட்டும் ஒன்று எடுத்தால் போதும். முடியாவிட்டால் அதுவும் வேண்டாம். மூத்தவளின் சட்டை இளையவளுக்கு வரும். தோய்த்து மினுக்கிய சட்டையோடு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகலாம். போவதும் நடந்தே. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று பங்கீடு நடந்த காலம் அது. லீற்றர் 370 ரூபாய். முந்தைய நத்தாருக்கு 177.

மின்விளக்கு விஷயத்தில் கணக்கு வேறு விதமாக நிற்கிறது. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. ஏழை வீட்டுக்கு அதைவிட அதிகம்: மாதம் 30 அலகுக்குள் பாவிக்கிற வீடு முன்பு அலகுக்கு 2.50 ரூபாயும் நிலையான கட்டணமாக 30 ரூபாயும் கட்டியது. பிறகு 8 ரூபாயும் 120 ரூபாயும். முழு 30 அலகு எரித்தால் 105 ரூபாய் பட்டியல் 360 ரூபாய். மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் குடிலில் தொங்குகிற சிறு எல்.ஈ.டி. மாலை 5 வாட் என்றால், இரவுக்கு 6 மணித்தியாலம் வீதம் 28 நாளும் எரித்தாலும் ஓர் அலகு கூட வராது. 7 ரூபாய்க்கு உட்பட்ட செலவு. பெருநாள் வெளிச்சம் வீட்டை வறுமைப்படுத்தவில்லை. ஆண்டு முழுவதும் எரிகிற ஒற்றை மின்குமிழின் நிலைக்கட்டணம்தான் வறுமைப்படுத்தியது. எனவே பாலன் குடிலில் விளக்குப் போடட்டும். மின்வெட்டு வருகிற நேரத்துக்கு மெழுகுதிரி இருக்கிறது.

குடிலுக்கு என்ன செலவு? பனையோலை, வைக்கோல், களிமண், கடற்கரை மணல். சிரட்டையில் குரக்கனோ நெல்லோ தூவித் தண்ணீர் தெளித்தால் ஒரு கிழமையில் புல் முளைத்துவிடும். அசிசியின் பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் முதல் குடிலை அமைத்தபோது அவர் கேட்டதும் தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. மன்னாரில் கழுதைக்கும் பஞ்சமில்லை. தீவின் தெருவெல்லாம் அவைதான். எட்டு நூற்றாண்டாகக் குடிலின் அடிப்படைச் சாமான்கள் மாறவில்லை. கடையில் வாங்க வேண்டியவையாக அவை இருந்ததும் இல்லை.

வைக்கோலில் இன்னொரு வழக்கம் உண்டு. திருவருகைக் காலத்தில் பிள்ளைகள் ஒரு நற்செயல் செய்தால் குடிலின் தொட்டியில் ஒரு வைக்கோல் போடுவார்கள். பாலன் படுக்க மெத்தை வேண்டுமே. ஆறு பேரும் நாளுக்கு ஒன்று வீதம் போட்டால் 28 நாளில் 168 துரும்பு. அதே 28 இரவும் குடும்பமாகச் செபமாலை சொன்னால், இரவுக்கு 53 அருள்நிறை மந்திரம் வீதம் 1,484. திருவருகை வளையத்துக்கு மெழுகுதிரி நான்கு. டிசெம்பர் 16 முதல் 24 வரை நவநாள் ஒன்பது. இவற்றுக்கு எதிரே விலைப் பத்தியில் மெழுகுதிரியின் விலையைத் தவிர எழுத எதுவும் இல்லை. பெருநாளின் நடுப்பகுதி இதுதான் என்று நான் நம்புகிறேன். நாடு கடன் கட்டத் தவறிய வருடத்தில் இதில் ஒன்றும் குறையவில்லை. செபிக்க ஆட்கள் வீட்டில் இருந்தார்களா என்பதே கேள்வி.

ஏனென்றால் பல வீடுகளில் ஒருவர் குறைந்தார். 2022இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். இன்னொரு வழியிலும் போனார்கள். மார்ச் 22ஆம் திகதி 16 பேர் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் அப்படிப் போனவர்கள் சுமார் இருநூறு. பலர் மன்னாரிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்கள் நத்தார்ப் பொழுதைக் கழித்தது தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில். எங்கள் கணக்கு வீட்டின் ஆறு பேரும் ஒரே பாயில் இருந்து செபம் சொல்ல முடிந்தது என்றால், அதை வரவில் இரண்டாவது வரியாக எழுத வேண்டும்.

வெளிநாட்டில் உறவு இருக்கிற வீட்டின் நிலை கொஞ்சம் வேறு. அனுப்புகிற 100 டொலர் 2021 நத்தாரில் வங்கியில் 20,000 ரூபாய். 2022இல் 36,000 சொச்சம். ஆனால் முந்தைய 20,000 ரூபாய் உணவுச் சாமானுக்கு இப்போது 32,880 ரூபாய் வேண்டும். டொலர் வருகிற வீடு தலையை நீருக்கு மேல் வைத்திருந்தது, அவ்வளவே. ரூபாயில் கூலி வாங்குகிற வீட்டுக்கு அந்த வழியும் இல்லை. வங்கி வழியாக நாட்டுக்கு வந்த பணமும் 2021இல் 549 கோடி டொலராக இருந்தது 2022இல் 379 கோடியாகச் சுருங்கியது. ஒரு பகுதி உண்டியல் வழியே போனது.

சிக்கனத்தைப் புகழ்ந்து எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஐ.நா. உணவு அமைப்புகளின் மதிப்பீட்டில் அந்த வருடம் உணவுக்குத் தட்டுப்பட்ட இலங்கையர் 63 இலட்சம் பேர், நூற்றுக்கு 28. பத்து வீட்டுத் தெருவில் கிட்டத்தட்ட மூன்று வீடு. கேக் வேண்டாம் என்று தீர்மானிக்கிற வீடு வேறு. நாளைக்கு அடுப்பு எரியுமா என்று தெரியாத வீடு வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு எளிமை என்று பாராட்டுவது பாவம். தமிழ்நாடு அந்த மே மாதத்தில் 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்துகளும் அனுப்பத் தீர்மானித்து, முதற்கப்பல் 18ஆம் திகதி சென்னையிலிருந்து புறப்பட்டது. மொத்தப் பெறுமதி 123 கோடி இந்திய ரூபாய். 40,000 தொன் என்பது நாட்டில் உள்ளவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கிலோவும் வராது. ஆனாலும் பையில் தமிழ் எழுத்தோடு வந்த அந்த அரிசி உலையில் கொதித்த வீடுகளுக்கு, யாரோ தங்களை நினைத்தார்கள் என்பது நன்றாகத் தெரிந்தது.

அதனால்தான் பெருநாள் கணக்கில் முதலில் ஒதுக்க வேண்டியது அடுத்த வீட்டுக்கு என்கிறேன். மிச்சம் பிடித்துக் கொடுக்க நினைத்தால் மிச்சம் வராது. லூக்காவின் நற்செய்தியில் மரியாளும் சூசையும் பாலனைக் கோவிலுக்குக் கொண்டு போகிறபோது கொடுத்த காணிக்கை இரண்டு புறா. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு லேவியர் ஆகமம் கொடுத்த சலுகை அது. ஏழைக்குடும்பம், ஆனாலும் கையை வீசிக்கொண்டு போகவில்லை.

இப்போது மொத்தக் கணக்கு. வீட்டில் பெருநாளுக்கு முன் 10,500 ரூபாய் சேர்ந்திருக்கிறது என்று வைப்போம். அதில் 1,000 ரூபாய் முதலில் வெளியே போகிறது, அடுப்பு எரியாத வீட்டுக்கு, பெயர் சொல்லாமல். 7,300 ரூபாயைத் தொடக் கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன். மிச்சம் 2,200. அரியதரத்துக்கும் பெருநாள் மதியச் சோற்றுக்குமாக அரிசி 3 கிலோ, 660 ரூபாய். முட்டை ஆளுக்கொன்று, ஆறு, 360 ரூபாய். இதுவரை 1,020. மீதி 1,180 ரூபாயில் சீனி, தேங்காய் எண்ணெய், தேங்காய், மெழுகுதிரி, கோவில் காணிக்கை. கோழி இல்லை. பால்மாவும் இல்லை, 400 கிராம் பெட்டி மார்ச்சிலேயே 790 ரூபாயாகி, அதன் பிறகும் ஏறியது. தேத்தண்ணீர் வெறுந்தேத்தண்ணீர். கறிக்கு நண்டோ மீனோ வலையில் வந்ததில் விற்காமல் வைத்தது. சனிக்கிழமை பின்னேரம் அதை ஒதுக்கி வைக்கும்போது, விலை கூடிய நாளில் விற்றால் என்ன என்று தகப்பனுக்குத் தோன்றும். விற்கக் கூடாது. ஆறு பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிற பெருநாள் மதியத்துக்கு நல்ல மீன் வேண்டும். அந்த இடத்தில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அந்த 7,300 ரூபாய் திங்கட்கிழமைக்கானது. டிசெம்பர் 26 விடியப்புறம் படகு இறங்க 20 லீற்றர் மண்ணெண்ணெய், லீற்றர் 365 ரூபாய். அந்தக் காசு பெருநாளில் கரைந்தால் திங்களும் செவ்வாயும் படகு கரையில் கிடக்கும், அல்லது சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிப் பிடிக்கிற மீனை அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டி வரும். ஆகவே அதைத் திருப்பலிக்குப் போகும் முன்பே அம்மம்மாவின் கையில் கொடுத்து வைக்கட்டும்.